முதல் கை பட்ட மண்

இந்த ஊரில் மனிதர்கள் பாறை மேல் காய்கிறார்கள். நான் வந்து சேர்ந்த முதல் கோடையில் கண்ட வேடிக்கை இது. நியூயார்க் நகரத்தின் நட்டநடுவில் சென்ட்ரல் பார்க் என்று ஒரு பூங்கா. அதற்குள் புல்லுக்கும் மரத்துக்கும் இடையே கருத்த பாறைகள் யானை படுத்ததுபோலக் கிடக்கின்றன. வெயில் அடித்துவிட்டால் போதும், ஆணும் பெண்ணும் அதன் மேல் ஏறி, வடகம் காயப்போட்டதுபோல் மல்லாந்து கிடக்கிறார்கள். மதுரைப் பக்கம் எங்கள் ஒத்தக்கடையில் இப்படி ஒரு கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருந்தால், இந்நேரம் உரலாகவும் அம்மியாகவும் வாசற்படியாகவும் போயிருக்கும். இங்கே பாதையை அதைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கல்லுக்கு மனிதன் வழி விட்டுப் போகிறான்.

நான் அந்தப் பூங்காவுக்குப் போவது காற்று வாங்க இல்லை. என் மகள் செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குவாள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் உள்ளே இருந்தால் பாத்திரம் உருளும், குக்கர் கத்தும். அதனால் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, அவள் வாங்கித் தந்த கனத்த கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அது ஒரு பாறையில் போய் முடியும். மத்தியானம் வரை அங்கேதான் இருப்பு.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் முன்னால் வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். இது அவள் வழக்கமாக உட்காரும் இடம்போல என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவள் தன் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நான் இருந்த இடத்தில் விரித்தாள். சரிதான், இடம் பிடித்துவிட்டாள் என்று வேறு பாறைக்குப் போனேன். அங்கேயும் வந்து தாளை விரித்து, அதைத் தட்டிக் காட்டினாள். கல் குளிரும், இதன் மேல் உட்கார் என்றிருக்கிறாள். அது புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே பாறையில் ஆளுக்கொரு தாள் போட்டு உட்காருகிறோம். பேச்சு கிடையாது. எனக்கு அது தோதாகத்தான் இருக்கிறது. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. ஐந்து வகுப்புப் படித்ததால் எழுத்து வரும். வாயால் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுத்தால் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் எழுமலை. கரிசலும் செவலுமாக மானாவாரிக் காடு. பருத்தியும் சோளமும் போட்டோம். என் தம்பி ராசு சின்ன வயதிலேயே கொத்துக்கரண்டியைப் பிடித்து மதுரைக்குப் போய்க் கொத்தனார் ஆனான். என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். செல்வி அங்கேதான் படித்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில், அப்பா தேடி வைத்த நிலத்தை விற்று, நானும் தம்பியும் சேர்ந்து ஒத்தக்கடையில் ஒரே துண்டாக மனை வாங்கினோம். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, யானைமலை முழுசாகத் தெரிகிற இடம். அப்போது அங்கே வீடு என்று ஏழெட்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் கருவேல முள்.

அந்த மனை ஒன்றானாலும் மண் ஒன்றில்லை. மேற்குப் பாதியில் மலையின் வேர் ஓடி வந்ததுபோல் பாறை தலைகாட்டிக் கிடந்தது. கிழக்குப் பாதி, பழைய கண்மாய்க்கரையை ஒட்டினாற்போல், கன்னங்கரேல் என்று மண். நடுவில் கயிறு கட்டிப் பிரிக்கவேண்டும். எங்கள் வகையறாவில் பங்கு பிரிக்கிறபோது வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் முதல் கை. அவள் தொட்டது போக மிச்சம்தான் ஆண்பிள்ளைகளுக்கு. பெண் மனம் கோணாமல் போகவேண்டும் என்று வைத்த வழக்கம்.

"அக்கா, நீ தொடு. நீ எதத் தொட்டாலும் எனக்குச் சம்மதம்" என்றான் ராசு. கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

நான் குனிந்து கிழக்குப் பக்க மண்ணை ஒரு பிடி அள்ளினேன். சொம்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பிசைந்து உருட்டினேன். விரல் நீளத்துக்குத் திரிபோல் உடையாமல் வந்தது. எங்கள் அப்பா நிலம் வாங்கப் போனால் இப்படித்தான் பார்ப்பார். பாறைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டுவேலை செய்து வளர்ந்தவள் கல்லாங்காட்டை எடுப்பாளா?

அன்றைக்கு இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் மூலைக்கு ஒன்றாக, கடப்பாரை கனத்துக்குத் துளைகள் இருந்தன. உதிரி மண் போட்டு மேலாக மூடியிருந்தது. அளக்கிறவர்கள் முளைக்குச்சி அடித்துப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அதன்பிறகு மறந்தும் போனேன்.

மறக்காதது வேறு. நல்ல மண்ணை நான் எடுத்துக்கொண்டு, கூடப் பிறந்தவனுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டேனே என்ற உறுத்தல். என் கொல்லையில் கத்தரியும் பூசணியும் முருங்கையும் சொன்னபடி காய்த்தன. அவன் வாசலில் ஒரு துளசி வைக்கக்கூட டின்னில் மண் சுமந்து கொட்டவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் முதல் காயைப் பறித்து ஒரு கூடை அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் உலை வைப்பேன். "அக்காவுக்குக் கை ராசி" என்று வாங்கிக்கொள்வான்.

வீடு கட்ட வானம் தோண்டினோம். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை எங்கள் பக்கம் வானம் என்பார்கள். தம்பி சுண்ணாம்பால் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தான். "எனக்கு வெளியூர்ல வேல கெடக்கு மச்சான். தோண்டிப் போட்டுருங்க, ஆழம் ஒங்க இஷ்டம்" என்று போய்விட்டான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஆள் வைத்தும் தானுமாக இடுப்பளவு தோண்டினார். தம்பி தன் பக்கத்தில் முழங்காலளவுகூடத் தோண்டவில்லை. அதற்குள் பாறை வந்துவிட்டது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபோன மறு கோடையில் சுவரில் நூல்போல ஒரு கோடு தெரிந்தது. அடுத்த கோடையில் அதற்குள் என் சுண்டுவிரல் போனது. ஐப்பசி மழை பெய்ததும் கோடு தானாக மூடிக்கொண்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். பங்குனி பிறந்ததும் மறுபடியும் திறந்தது. கதவு நிலை கோணி, கதவைச் சாத்த முடியாமல், மழைக்காலத்தில் மட்டும் தாழ்ப்பாள் போடுகிற வீடாகிவிட்டது எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் சிமெண்டைக் குழைத்து அந்த வாயை அடைப்பார். மழை வந்ததும் அது பொருக்குப் பொருக்காகக் கொட்டும்.

ஒரு தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் போயிருந்தோம். காலையில் தெப்பம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். என் கொல்லைப் பூசணிக்காய்க் கூட்டு. எங்கள் பெரியப்பா, "எதுக்குடா ராசு இம்புட்டுப் பெரிய கொளத்த வெட்டுனாய்ங்க?" என்று கேட்டார்.

"ராசா மகாலு கட்ட இங்கதான் பெரியப்பா மண்ணெடுத்தாகன்னு சொல்லுவாக. செங்கலுக்குத் தோதான களிமண்ணு. எடுத்த பள்ளத்தக் கொளமாக்கிட்டாக."

"அப்ப ஒங்கக்கா வீட்டுலயும் அந்தக் களிமண்ணுதானப்பா? அதான் வாயப் பொளக்குதோ?"

ராசு ஒரு வாய்ச் சோற்றை நிதானமாக மென்று முடித்தான். பிறகு சிரித்தான். "மண்ணுல என்ன இருக்கு பெரியப்பா, தோண்டுற கையில இருக்கு. மச்சான் தோட்டக்காரருல்ல? செடி வைக்கிற ஆழத்துக்குத் தோண்டிட்டாரு. வீடு பூக்கும், காய்க்கும்!"

படிக்கட்டே குலுங்கிச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். "ஆமா மாப்ள, தண்ணி ஊத்தாம விட்டுட்டேன்" என்றார். அவர் காதுமடல் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தம்பியின் இலையில் இன்னொரு கரண்டிக் கூட்டை வைத்தேன். நல்ல பங்கை எடுத்துக்கொண்டவள் அவனை எதிர்த்துப் பேசலாமா என்று இருந்தேன்.

அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும், "தோட்டக்காரர் கணக்கா தோண்டிராதீக" என்பார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் மட்டும், சுவரைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் கெடுத்துட்டேன் புள்ள. இன்னும் ரெண்டடி போயிருக்கணும்" என்றார். அந்த எண்ணத்தோடேதான் போனார். அதன்பிறகு வீட்டைப் பூட்டி, சாவியைத் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, மகள் கூப்பிட்ட இடத்துக்கு வந்தேன்.

இங்கே வந்த பிறகு சுவரைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டடம் ஆறு மாடி. தரைக்கு அடியில் ரயில் ஓடுகிறது. ரயில் போகிறபோது தம்ளர் தண்ணீர் நடுங்கும். சுவரில் ஒரு மயிரிழைகூடக் கிடையாது. துணி துவைக்கிற மெஷின்கள் கீழே நிலவறையில் இருக்கின்றன. அங்கே ஒரு பக்கம் செங்கல் சுவரே இல்லை. பாறையையே அப்படியே சுவராக விட்டிருக்கிறார்கள். ஈரமாக, கருப்பாக, அங்கங்கே காக்காய்ப்பொன் மின்னிக்கொண்டு. துணி சுற்றி முடிகிறவரை அதைத் தொட்டுக்கொண்டு நிற்பேன்.

போன ஆடியில் தம்பியிடமிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. உள்ளே டைப் அடித்த பத்திரம், கூடவே கடிதம். அவன் மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறதாம். மாடி எடுக்கப் போகிறானாம். "ஒன் வீடு விழுந்து ஆரு தலையிலயாச்சும் பட்டா வம்பு. நீ இனிமே வரவா போற? இடிச்சுட்டு மாட்டுக்கொட்டம் போட்டுக்கிறேன். அங்க உள்ள இந்திய ஆபீசுல போயி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று எழுதியிருந்தான்.

செல்வி படித்துப் பார்த்துவிட்டு, "போட்டுக் குடுத்துரும்மா. மாமா கேக்குறதும் ஞாயந்தான. அப்பா கட்டுன லட்சணத்துக்கு அது இன்னும் நிக்கிறதே பெருசு" என்றாள். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தானே. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். அவளுக்கு விடுமுறை கிடைக்கிற வியாழக்கிழமை போவதென்று முடிவானது.

அந்த வியாழனுக்கு முந்தைய திங்கட்கிழமை. பூங்காவுக்குப் போகிற வழியில் ஒரு காலி மனை உண்டு. வேலி போட்டிருப்பார்கள். அன்று அங்கே தொப்பி வைத்த ஆட்கள் நின்று, மனையின் மூலையில் மெஷினை வைத்து மண்ணுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலை. உள்ளேயிருந்து குழாயில் வந்ததை நீளமான பெட்டியில் வரிசையாக அடுக்கினார்கள். முதலில் மண், பிறகு கல். முடிந்த துளையில் மண்ணைக் கொட்டி மேலாக மிதித்து மூடினான் ஒருவன்.

எங்கள் மனையில் அன்று கண்ட மூலைத் துளைகள் ஞாபகம் வந்தன. கூச்சத்தை விட்டு வேலியோரம் நின்றவனைக் கூப்பிட்டு, துளையைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற கார்களையெல்லாம் கையைத் தூக்கி நிறுத்தி, என்னை எதிர்ப்பக்கம் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து மறுபடியும் கடந்து வர வெகுநேரமாயிற்று.

சாயங்காலம் செல்வி எழுந்து காப்பி குடிக்கிறபோது கேட்டேன்.

"அதும்மா, கட்டுறதுக்கு முந்தி கீழ என்ன இருக்குன்னு பாப்பாங்க. பாறையா, களிமண்ணான்னு. பாறைன்னா தெம்பா நிறுத்தலாம். களின்னா மழையில ஊதும், வெயில்ல சுருங்கும், சொவத்தப் பொளந்துரும். பாக்காம எவன் கட்டுவான்? எங்க வார்டுல ஒரு எஞ்சினியர் கால ஒடச்சுக்கிட்டுக் கெடந்தாரு, அவருதான் நாள் பூரா இதே பேச்சு. பாறை மேலாப்புல இருக்குற பக்கமாத்தான் இந்த ஊர்ல ஒசந்த கட்டடம் வந்துச்சுன்னு பேசிக்குவாங்களாம். அதெல்லாம் இல்ல, யாவாரம் நடக்குற எடத்துலதான் ஒசத்துனாங்கன்னும் சொல்றாங்களாம். நீ போயி உக்காருறியே பார்க்கு, அங்க பாறைய ஒடச்சுக் கட்ட முடியாதுன்னுதான் பார்க்குக்கு விட்டாங்களாம். அங்கயும் வீடு கட்டிக் குடியிருந்தவங்கள எழுப்பிவிட்டுட்டுத்தான்."

மதுரையில் தோண்டின இடம் தெப்பக்குளம் ஆயிற்று. இங்கே தோண்ட முடியாத இடம் பூங்கா ஆயிற்று. ஊர் மேலே எப்படி இருக்கும் என்பதைக் கீழே கிடப்பதுதான் முடிவு செய்கிறது. கொத்தனாருக்கு அது முதல் நாள் பாடம். விதைக்கிறவளுக்கு எது நல்ல மண்ணோ, கட்டுகிறவனுக்கு அதுவே ஆகாத மண். இரண்டும் தெரிந்தவன் எங்கள் மூன்று பேரில் ஒருவன்தான் இருந்தான். தோளில் கடப்பாரையோடு இருந்தான்.

இரண்டு பக்கமும் குத்திப் பார்த்துவிட்டு, துளையை மூடிவிட்டு, "அக்கா, நீ தொடு" என்றிருக்கிறான். அக்காள் எதைத் தொடுவாள் என்பது அவனுக்கு மண்ணைவிட நன்றாகத் தெரியும்.

செல்வியிடம் சொன்னேன். அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "மாமாவாம்மா? என்னத் தோள்ல தூக்கிட்டுப் போயிப் பள்ளிக்கூடத்துல விடுவாரே, அந்த மாமாவா?" என்றாள். எனக்கும் அதுதான் தாங்கவில்லை. கெட்டவன் செய்தால் வைதுவிட்டுப் போகலாம். செல்விக்குக் காய்ச்சல் என்றால் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு மிதித்தவன் அவன். எனக்கு நல்ல மண்ணை விட்டுக்கொடுத்து அவன் கல்லை ஏற்றுக்கொண்டான் என்று அத்தனை வருஷம் நம்பி, காய் பறித்துக் கொடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நாங்கள் கையெழுத்துப் போடப் போகவில்லை. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நலம் விசாரித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி. மனை பிரிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை கடப்பாரை போட்டுப் பார்த்தாயே, கிழக்குப் பக்கத்தில் என்ன கண்டாய்?

பதில் வர மூன்று வாரம் ஆனது. நான்கு பக்கம். மழை, கண்மாய், கல்யாணம், பஸ் இப்போது வீட்டுப் பக்கத்திலேயே நிற்பது எல்லாம் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தின் அடியில், "ஓட்டை கீட்டைன்னு என்னமோ எழுதியிருந்த. பழசக் கிண்டி என்ன ஆகப்போகுது? மொதக் கை ஒன்னோடது. நீ பிரியப்பட்டதத்தானக்கா எடுத்துக்கிட்ட" என்று இருந்தது. நான் துளை போடவில்லை என்று அவன் எழுதவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் அதே கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீடு நிற்கிறவரை நிற்கட்டும். அன்றைக்குத் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் என் கையால் சோறு தின்று சிரித்த சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தோண்டினார். என் தம்பி முழங்காலளவுகூடத் தோண்டவில்லை. தோண்டின கையில் குறை இல்லை. அன்று நான் அதைச் சொல்லியிருக்கவேண்டும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. பாறையில் காய்கிறவர்கள் யாரும் இல்லை. வெள்ளைக்காரக் கிழவி மட்டும் வருகிறாள், இப்போதெல்லாம் இரண்டு தாள் கனமாக விரிக்கிறாள். எனக்கு இந்த ஊர்க் காலம் இன்னும் பிடிபடவில்லை. ஒத்தக்கடை வீட்டுச் சுவரை வைத்துத்தான் மாதம் தெரிந்துகொள்கிறேன். சித்திரை என்றால் கை நுழையும், அதன் வழியே தம்பி வீட்டுச் சன்னல் தெரியும். ஆடி கழிந்தால் கொஞ்சம் ஒடுங்கும். இது கார்த்திகை. மழை குடித்து மண் ஊதி, சுவர் ஒட்டிக்கொண்டு, கதவு நிலையில் சரியாகப் பொருந்துகிற மாதம். ஆள் இல்லாத அந்த வீட்டில் இன்றைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டால் விழும். அசையாத பாறை மேல் உட்கார்ந்துகொண்டு, இந்த மழைக்கு அது முழுதாக மூடியிருக்குமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.